தக்காளி விலைக்கு ஒரு லாக் தாள்

எங்கள் வீட்டுச் சுவரில் சாமி படங்களைவிட வரைபடங்கள்தான் அதிகம் என்று வருகிறவர்களிடமெல்லாம் என் மனைவி சொல்லிச் சிரிப்பாள். பொய் இல்லை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்கு வேலை. இரும்புத் தண்டுகளின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டால் சேர்ப்பதுதான் பிழைப்பு. தாளில் மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு. புள்ளி இரண்டுக்கும் நடுவில் இருந்தால் இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறது என்று அர்த்தம். வெளியே போனால் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காரணம் தேட வேண்டும். இந்தப் பழக்கம் கம்பெனி பஸ்ஸில் என்னோடு ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டது. கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது, கரண்ட் பில் எப்படி ஏறுகிறது, எல்லாவற்றுக்கும் ஒரு தாள். ரசத்தின் உப்புக்கும் ஒன்று போடட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். அன்று மாலை வரை அவள் என்னோடு பேசவில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். டிப்ளமோ முடித்த கையோடு ஓசூருக்கு வேலைக்கு வந்தவன். அவள் ஊர் கெலமங்கலத்துக்குப் பக்கத்தில். எங்கள் தொழிற்சாலையிலேயே பேக்கிங் பிரிவில் இருந்தாள். நான் பாஸ் செய்து அனுப்பிய பெட்டிகளில் துருப்பிடித்த தண்டு ஒன்று இருந்ததென்று கண்டுபிடித்து, அதை என் மேசைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அப்படித்தான் பழக்கம். கல்யாணத்தை இரு வீட்டாரும் பேசி முடித்தார்கள் என்று ஊரில் சொல்வோம். அவர்களைப் பேச வைப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய் வந்தது என்பதைச் சொல்ல மாட்டோம்.

என் மாமனாருக்கு மூன்று ஏக்கர் நிலம், ஒரு போர்வெல், இரண்டு பெண்கள். மாட்டிடம் தெலுங்கு பேசுவார். பெங்களூரிலிருந்து வரும் வியாபாரிகளிடம் கன்னடம். எங்களிடம் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் கலந்து வரும், ஆனால் கோபம் வருவது அபூர்வம். உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை, சாப்பிடும்போதுகூட ஒரு கால் எழுந்திருக்கத் தயாராகத்தான் இருக்கும். அவருடைய பயிர் தக்காளி. மற்றவர்கள் கோஸுக்கும் குடமிளகாய்க்கும் ரோஜாவுக்கும் மாறிய பிறகும் அவர் தக்காளியை விடவில்லை. ராயக்கோட்டை மண்டியில் பெட்டிகளை இறக்கிவிட்டு, கிலோ என்ன விலைக்குப் போனது என்று எழுதிய சீட்டை வாங்கிவந்து, வீட்டுக்குள் ஆணியில் தொங்கும் ஒரு வளைந்த கம்பியில் குத்திவிடுவார். திரும்ப எடுத்துப் பார்க்க மாட்டார். பல வருடத்துச் சீட்டுகள் அந்தக் கம்பியில் கொத்தாகத் தொங்கின.

என் மனைவி பேக்கிங் பிரிவுக்கு வந்த கதையும் அந்தக் கம்பியில்தான் இருந்தது. அவள் பி.காம் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது தக்காளி விலை விழுந்தது. விழுந்தது என்றால் பறிக்கிற கூலிக்குக்கூடக் காணாத வீழ்ச்சி. பலர் செடியோடு விட்டு உழுதார்கள். ஒரு வருடம் பொறுத்துக்கொள், அடுத்த வெள்ளாமையில் திரும்பச் சேர்த்துவிடுகிறேன் என்று அப்பா சொன்னார். அவளும் சரி என்றாள். அந்த ஒரு வருடத்தைக் கடத்துவதற்காகக் கம்பெனி வேலைக்கு வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள். இதை அவள் என்னிடம் ஒரே ஒரு முறை, காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். குரலில் எந்த வருத்தமும் இல்லை. அதனால் நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

பிறகு ஒரு வருடம் தக்காளி விலை ஏறு ஏறு என்று ஏறியது. ஆறு ரூபாயில் இருந்த கிலோ இருபத்துநாலு வரை போனது. மாமனார் ஒரு கலர் டிவி வாங்கினார், மாமியாருக்குக் கம்மல் வாங்கினார், மீதியைச் சின்னவளின் படிப்புக்கு என்று வங்கியில் போட்டார். என் கொழுந்தியா அப்போது பிளஸ் டூ முடிக்கும் நேரம். மார்க் வந்தது, நல்ல மார்க். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பித்தாள். கட்டாயம் இடம் கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மாமனாருக்கு ஒரு யோசனை பிறந்தது. வழக்கமாக ஒரு ஏக்கரில்தான் தக்காளி வைப்பார், மற்ற இரண்டில் ராகியும் அவரையும். இந்த முறை மூன்று ஏக்கரிலும் தக்காளி. குச்சி நட்டு, கயிறு கட்டி, உயர்ந்த ரக நாற்று. அதற்கு வங்கியில் இருக்கும் பணம் சரியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின் நடுவில் இதைச் சொல்லிவிட்டு, சின்னவள் பக்கம் திரும்பினார்.

"ஒரே ஒரு வருசம் பொறுத்துக்கோ சின்ன பாப்பா. வெள்ளாமை வந்ததும் நாலு வருசத்து ஃபீஸையும் ஒரே வாட்டில எடுத்து வெச்சிடறேன்."

கொழுந்தியா தட்டைப் பார்த்தபடி தலையாட்டினாள். என் மனைவி எழுந்து கை கழுவப் போய்விட்டாள். அவள் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் உத்தனப்பள்ளி தாண்டியதும் அவள் சொன்னாள்: "எனக்கும் இதேதான் சொன்னாரு."

எனக்கு மாமனாரை ரொம்பப் பிடிக்கும். அவரிடம் நேராகப் போய் இது தப்பு என்று சொல்ல மருமகனுக்கு வாய் வராது. ஆனால் புள்ளிவிவரம் பேசுமே. தக்காளி விலை எப்படியெல்லாம் ஆடும் என்பதை ஒரு வரைபடமாகப் போட்டுக் காட்டினால் அவரே புரிந்துகொள்வார் என்று எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அடுத்த வாரமே அந்தக் கம்பியைக் கேட்டு வாங்கிவந்தேன். எதற்கு என்று அவர் கேட்கக்கூட இல்லை. மருமகன் எதையாவது வரைவான் என்பது அந்த வீட்டில் பழகிப்போன விஷயம்.

முதல் ஷிஃப்ட் முடிந்த மாலைகளில் உட்கார்ந்து சீட்டுகளை வரிசைப்படுத்தி, மாதத்துக்கு ஒரு புள்ளியாக வைத்து, அழகாக ஒரு வரைபடம் போட்டேன். சாதாரணக் கட்டத்தாள், ஒரு ரூபாய்க்கு அரை சென்டிமீட்டர். தொழிற்சாலை வழக்கப்படி சராசரி கணக்கிட்டு, மேலே ஒரு சிவப்புக் கோடும் கீழே ஒரு சிவப்புக் கோடும் போட்டேன். கீழ்க் கோடு பூஜ்யத்துக்கும் கீழே போய் விழுந்தது. தக்காளியின் குறைந்தபட்ச விலை கிலோவுக்கு மைனஸ் சில ரூபாய் என்று என் கணக்கு சொன்னது. இரும்புத் தண்டுக்குப் போடும் கணக்கைத் தக்காளிக்குப் போட்டால் இப்படித்தான் ஆகும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. கணக்கு கணக்குதான் என்று அப்படியே எடுத்துக்கொண்டு போனேன்.

கொழுந்தியாதான் அதை முதலில் பிடித்தாள். மைனஸ் விலை என்றால் நாம் பணமும் கொடுத்துத் தக்காளியும் கொடுக்க வேண்டுமா மாமா என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். நான் ரப்பரை எடுத்தேன். மாமனார் தடுத்தார். அது சரியாகத்தான் இருக்கிறது, வண்டி வாடகைக்கும் கமிஷனுக்கும் விற்ற காசு போதாமல் கையிலிருந்து கொடுத்துவிட்டு வந்த நாளெல்லாம் உண்டு, இருக்கட்டும் என்றார்.

அதோடு அவர் கீழே பார்ப்பதை விட்டுவிட்டார். அவர் கண் முழுக்கத் தாளின் வலது ஓரத்தில் இருந்தது. அங்கேதான் போன வருட விலை, மேல் சிவப்புக் கோட்டைக் கிழித்துக்கொண்டு, கோபுரம் போல நின்றது. அதற்கு முன்னால் இருந்த எல்லா வருடங்களும் அதன் காலடியில் புல்லாகக் கிடந்தன. மாமனார் விரலால் அந்தக் கோபுரத்தின் அடியிலிருந்து உச்சிவரை மெதுவாகத் தடவினார்.

"பாத்தீங்களா மாப்ள, எப்பிடி ஏறிக்கினு போவுது. இத்தினி நாளா இது என் கண்ணுக்குத் தெரியாம போச்சே."

தாளைக் காலண்டர் ஆணியிலேயே மாட்டச் சொன்னார். பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். நாற்றுக்கு அட்வான்ஸ் கொடுக்க வெள்ளிக்கிழமை போகிறேன் என்றார். அவரைத் தடுக்கப் போட்ட வரைபடம், அவரை மூன்று ஏக்கரை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. கொழுந்தியா கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மாமா பாவம், நல்லது செய்யத்தான் நினைத்தார் என்கிற மாதிரி ஒரு பார்வை.

எல்லோரும் வெளியே போன பிறகு என் மனைவி அந்தத் தாளின் முன்னால் வந்து நின்றாள். இடமிருந்து வலமாகத் தேடினாள்.

"இதுல நான் காலேஜை வுட்ட வருசம் எங்க இருக்குது?"

நான் காட்டினேன். நாலு ரூபாயிலிருந்து ஐம்பது காசுக்கு விழுந்த இடம். அடிக்கோட்டை ஒட்டி, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு சின்னச் சரிவு. நான் காட்டியிருக்காவிட்டால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. அவள் குனிந்து, கிட்டத்தில் போய்ப் பார்த்தாள்.

"இவ்ளோதானா?" என்றாள்.

எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. காய் நறுக்கிக்கொண்டே அவள் சொன்னபோது நான் கேட்டுக்கொண்ட விதமும், இந்தத் தாள் அவளுக்குக் கொடுத்திருந்த இடமும் ஒன்றுபோலத்தான் இருந்தன. தாளைக் கிழித்துப் போடலாம் என்று தோன்றியது. ஆனால் தாள் பொய் சொல்லவில்லை. நாலு ரூபாய்க்கும் ஐம்பது காசுக்கும் வித்தியாசம் மூன்றரை ரூபாய்தான். மூன்றரை ரூபாய்க்கு எவ்வளவு உயரமோ அதைத்தான் அது காட்டியது. பஸ்ஸில் வரும்போது வழி முழுக்க இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். மூன்றரை ரூபாய் நட்டமா, எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிய வாழ்க்கையா, இதில் எதை அளப்பது?

விடை எங்கள் டெஸ்டிங் லேபில் தினமும் என் கண் முன்னால் கிடந்தது. அங்கே சில சோதனைகளுக்கு லாக் தாள், அதாவது மடக்கை அளவுத் தாள், என்று ஒன்று உண்டு. அதில் நீளவாக்கில் கோடுகள் ஒரே இடைவெளியில் இருக்காது. நெருங்கி நெருங்கிப் போய், மறுபடி விரிந்து, மறுபடி நெருங்கும். சாதாரணத் தாளில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு எவ்வளவு தூரமோ அதே தூரம்தான் ஒன்பதிலிருந்து பத்துக்கும். லாக் தாளில் அப்படி இல்லை. எது இரண்டு மடங்கானாலும் அங்கே ஒரே உயரம். ஒரு ரூபாய் இரண்டானாலும், பத்து ரூபாய் இருபதானாலும், ஒரே படி. பாதியாகக் குறைந்தாலும் அதே படி கீழே. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பாலிடெக்னிக் பிள்ளைகள் வாங்குகிற ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும். நான் போனபோது, எந்தக் காலேஜ் சார் என்று கடைக்காரர் கேட்டார். தக்காளிக்கு என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தாளைச் சுருட்டிக் கொடுத்தார்.

அதே சீட்டுகள், அதே புள்ளிகள். லாக் தாளில் வைத்துக் கோட்டால் சேர்த்தபோது எனக்கே வேறு ஏதோ ஊரின் விலை மாதிரி இருந்தது. கோபுரம் காணாமல் போயிருந்தது. போன வருடம் ஆறிலிருந்து இருபத்துநாலுக்குப் போனது இரண்டு படி ஏற்றம், அவ்வளவுதான். அதே அளவு ஏற்றம் முன்பும் ஒருமுறை வந்திருந்தது, ஒரு ரூபாயிலிருந்து நாலு ரூபாய்க்கு. அதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை, டிவியும் வாங்கவில்லை. ஆனால் தாளின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. நாலிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று, ஒன்றிலிருந்து அரை. மூன்று படி. அந்தத் தாளிலேயே பெரிய அசைவு அதுதான். என் மனைவி பின்னால் வந்து நின்று பார்த்தாள். இந்த முறை எங்கே என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்குக் காத்திராமல் வியாழன் அன்றே லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் போனோம். மாமனார் பழைய தாளைக் கழற்ற மனசில்லாமல்தான் கழற்றினார். புதியதை மாட்டியதும், இது என்ன, என் கோபுரம் எங்கே என்கிற முகத்தோடு நின்றார். நான் படிக்கணக்கைச் சொன்னேன். வேகமாகத் தலையாட்டிவிட்டு, தாளின் அடிப்பக்கம் எதையோ தேடினார்.

"பூஜ்யம் எங்க மாப்ள?"

"இந்தத் தாள்ல பூஜ்யம் கிடையாது மாமா. எவ்வளவு எறங்கினாலும் அதுக்குக் கீழயும் எடம் இருக்கும்."

"போன வாட்டி மைனஸ்ல ஒரு கோடு போட்டிருந்தீங்களே?"

"அது இதுல வராது."

கையிலிருந்து வண்டி வாடகை கொடுத்ததெல்லாம் இதில் வரவே வராதா என்று கேட்டார். வராது என்றேன். அப்படியானால் ரொம்ப நல்ல தாள், மண்டிக்காரருக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்றார். கொழுந்தியா சிரித்தாள். அன்று மைனஸ் விலைக்குச் சிரித்த அதே சிரிப்பு.

பிறகு அவர் விரல் கோட்டின் மேல் போனது. போன வருட ஏற்றத்தின் மேல் வந்து நின்றது. கட்டைவிரலையும் நடுவிரலையும் விரித்து அந்த ஏற்றத்தை அளந்தார். விரித்த விரல்களை மாற்றாமல் அப்படியே இடப்பக்கம் நகர்த்திக்கொண்டு வந்து, அந்தப் பள்ளத்தின் மேல் வைத்தார். விரல்கள் போதவில்லை. பள்ளம் கீழே இன்னும் மிச்சம் இருந்தது. சரியாக வைக்கவில்லையோ என்று மறுபடி அளந்தார்.

"இது எந்த வருசம்?"

கொழுந்தியா அக்காவைப் பார்த்தாள்.

"நான் கம்பெனிக்குப் போன வருசம்பா" என்றாள் என் மனைவி.

அவர் திரும்பி அவளைப் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் அந்தப் பள்ளத்திலேயே இருந்தன.

"இவ்ளோ ஆழத்துலயாம்மா இருந்தோம்?"

"ஆமாப்பா."

அப்புறம் அந்த மனிதர் என் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக, முழுசாக, இரண்டு காலையும் மடக்கிக் கீழே உட்கார்ந்தார். மாமியார் உள்ளிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு, சொம்பைக் கீழே வைக்காமலே சின்னவளிடம் கேட்டார்: "கவுன்சிலிங்குக்கு என்னிக்கு வரச் சொல்லிக்கிறாங்க?"

அவ்வளவுதான். மூன்று ஏக்கரைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. வங்கிப் பணம் கல்லூரிக்குப் போனது. சின்னவள் சேலத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். வழக்கம் போல ஒரு ஏக்கரில் தக்காளி, மற்றதில் ராகியும் அவரையும்.

இதோடு கதையை நிறுத்தினால் எனக்குப் பெருமை. ஆனால் தக்காளிக்கு என் பெருமையைப் பற்றி என்ன கவலை? அந்த ஐப்பசி மழையில் பக்கத்து மாநிலத்துப் பயிரெல்லாம் அழுகிப்போய், விலை மறுபடியும் ஏறியது. போன வருடத்தையும் தாண்டி ஏறியது. மூன்று ஏக்கரிலும் வைத்திருந்தால் மாமனார் எங்கேயோ போயிருப்பார். நான் புள்ளி வைக்கவே பயந்துகொண்டிருந்தேன். அந்த ஒரு ஏக்கரைப் பறித்து முடித்த வாரம், தலையில் ஒரு பெட்டித் தக்காளியோடு எங்கள் வாடகை வீட்டுப் படியேறி வந்தார். பெட்டியை இறக்கியதும் என்னைப் பார்த்து, வீட்டு வாசலில் இந்நேரம் ஒரு டிராக்டர் நின்றிருக்கும், உங்கள் தாளால் போயிற்று என்றார். சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு துளி வருத்தம் இருக்கிறதா என்று நான் தேடிப் பார்த்தேன். எனக்கு அகப்படவில்லை.

என் மனைவி காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் நின்றபடியே குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் சொன்னார்.

"பெரிய பாப்பா, நீ பாதில வுட்டது, அதை மறுபடி எடுத்துப் படிக்க முடியுமா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், இனிமேல் எதற்கு, படித்ததெல்லாம் மறந்தே போய்விட்டது என்றாள்.

"எனக்கும் மறந்துதாம்மா போயிருந்துச்சு" என்றார். "அந்தத் தாளு சுவத்துல மாட்டிக்கிதே, தினமும் பாக்கறேன். இந்த ஒரு ஏக்கரா பணத்தை உனக்குன்னு எடுத்து வெச்சிக்கிறேன். போயி விசாரிச்சிட்டு வா."

அதற்கு மேல் நிற்காமல், கெலமங்கலம் பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டார். அவள் தக்காளிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. எட்டிப் பார்த்தேன். ஒரே தக்காளியைக் கழுவிக்கொண்டே நின்றாள். அழுகிறாளோ என்று பயந்து பக்கத்தில் போனேன். அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனால் என்னைப் பார்த்ததும் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விரலை நீட்டி எச்சரித்தாள்.

"என் மார்க்குக்கு நீங்க வரைபடம் கிரைபடம் எதுவும் போடக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."